பத்தாம் நாளுக்கு உட்கார்ந்த பிள்ளை

இல்லை சாஸ்திரிகளே, என் பிள்ளை ஊமையெல்லாம் இல்லை. டெல்லியிலேயே பொறந்து வளந்தவன், தமிழே தகராறு, மந்திரம் எங்கேர்ந்து வரும்? நீங்கோ ஒவ்வொரு வார்த்தையாப் பிரிச்சுச் சொல்லுங்கோ, திருப்பிச் சொல்லுவான். பயந்து போயிருக்கான், அவ்வளவுதான். செத்த இருங்கோ, ஒரு வாய் தீர்த்தம் குடிக்கட்டும். சாந்தா, வாசக் கதவைத் தாழ்ப்பாள் போட்டியோ? மேல் தாழ்ப்பாளையும் போடு.

தெரியும், ஆத்துக்காரர் போய்ப் பத்தாம் நாள் நான் இப்படிக் கூடத்துல வந்து நின்னுண்டு பேசப்படாது. வேற யார் இருக்கா? எங்காத்துக்குப் பண்ணி வைக்கற வாத்தியார் கரோல் பாக்ல இருக்கார். இன்னிக்கு அங்கேர்ந்து லக்ஷ்மிபாய் நகருக்கு யாரால வர முடியும்? முந்தாநாள் பிரைம் மினிஸ்டர் அம்மாவைச் சுட்டாலும் சுட்டா, சர்தார்னு ஒருத்தன் கண்ணுல பட்டாப் போறும், இழுத்து வச்சுக் கொளுத்தறா. பஸ் கிடையாது, ஆட்டோ கிடையாது. ரெண்டு வரிசை தள்ளி நீங்கோ இருக்கேள்னு என் பொண்ணு சாந்தாவுக்கு ஞாபகம் வந்ததே, அதுவே பெரிசு. யமுனைக் கரையில பண்ண வேண்டியதைக் கூடத்துல பண்றோம். அவர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார்.

ஜல்தியா முடிச்சுண்டு ஆத்துக்குப் போகணும்ங்கறேள். அச்சா, நியாயம்தான், உங்காத்து மாமி தனியா இருப்பா. ஆனா யாருக்குப் பண்றோம்னு ஒரு வார்த்தை தெரிஞ்சுண்டு பண்ணுங்கோ. நீங்கோ அவரைப் பாத்ததே இல்லையே.

பேரு தட்சிணாமூர்த்தி. பேருக்கேத்த மௌனம். நாப்பதாம் வருஷம் இந்த ஊருக்கு வந்தார், இருபத்தோரு வயசு, கவர்ன்மெண்ட்ல குமாஸ்தா. நாலு தங்கைகளுக்குக் கல்யாணம் பண்ணி வச்சுட்டுத்தான் என்னைப் பண்ணிண்டார். விடியறதுக்குள்ள பால் பூத் க்யூவுல போய் நிப்பார். வந்து எனக்கும் காபி கலந்து மூடி வச்சுட்டு சைக்கிளை எடுப்பார். சாயங்காலம் வந்தா டைப் மிஷின். முனிர்கா பக்கம் யூனிவர்சிட்டியில படிக்கற பசங்க தீசிஸ் எல்லாம் இந்தக் கூடத்துல அடிச்சதுதான். எங்காத்துல பேச்சுச் சத்தத்தை விட அந்த டக்டக்தான் ஜாஸ்தி. எனக்குக் கோவம் கோவமா வரும். கல்லைக் கட்டிண்டு குடித்தனம் பண்றேனேன்னு எத்தனை தரம் அழுதிருக்கேன்.

தலையில ஏன் இத்தனை வெட்டுன்னா? நாவிதன் வரலை. அவரோட ரேஸரால நான்தான் மழிச்சேன். எனக்கென்ன பழக்கமா?

எதிர் வீட்டு சர்தார்கூட அவரைப் போலத்தான். ஹர்னாம் சிங்னு பேரு, ஒரே ஆபீஸ். ரெண்டு பேரும் இருபத்திரண்டு வருஷம் சேர்ந்து சைக்கிள் மிதிச்சா. வாய் விட்டுப் பேசிண்டு நான் பாத்ததில்லை. இவர் வாசல்ல மணி அடிப்பார், அவர் அங்கேர்ந்து அடிப்பார், கிளம்பிடுவா. அன்னிக்கு இவர் நெஞ்சைப் பிடிச்சுண்டு சாஞ்சப்போ ரெண்டு கையாலயும் வாரித் தூக்கிண்டு ஓடினது அவர்தான். பாடைக்கும் முன்னாடி தோள் குடுத்தார். எங்காத்து வாத்தியார் முகத்தைச் சுளிச்சார், நான் சும்மா இருங்கோன்னேன். இப்போ சர்தார் ஆம்படையாளோட லூதியானா போயிருக்கார், கல்யாணத்துக்கு. நல்ல வேளை.

மணிக்கட்டுல என்ன வெள்ளை வளையம்னா? வாட்ச் கட்டற இடம். வலது கையிலயான்னா... ஆமா, வலது கைதான். தாடை வெளுத்திருக்கா? பத்து நாள் ஷவரம் பண்ணாம இன்னிக்குத்தானே எடுத்தது.

சத்தம் கேக்கறதா? மெயின் ரோட்ல இருந்தா இப்போ. நம்ம வரிசைக்கு வந்துட்டா போல. கையில லிஸ்ட் வச்சுண்டு, சர்தார் யாராவது இருக்காளான்னு வீடு வீடாத் தட்டறாளாம். எழுந்துக்காதேங்கோ. இப்போ வெளில போனேள்னா அவா நடுவுலதான் போயாகணும். உக்காருங்கோ. ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன், அப்புறம் உங்க இஷ்டம்.

எமர்ஜென்சி டைம்ல, சொல்லவே கூச்சமா இருக்கு, ஆபீஸ்ல செக்‌ஷனுக்கு ஒரு ஆளு ஆபரேஷனுக்கு வரணும்னு மேலேர்ந்து உத்தரவு. குடும்பக் கட்டுப்பாடுதான். எல்லாருமாச் சேர்ந்து பியூன் அந்தோணி பேரை எழுதிக் குடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டா. அவனுக்குக் கல்யாணம் ஆகி மூணு மாசம். கேக்க நாதியில்லாதவன். இவர் அந்தக் காயிதத்தை வாங்கி, அந்தோணி பேரை அடிச்சுட்டுத் தன் பேரை எழுதி நீட்டிட்டார். அம்பத்தேழு வயசுல. ஊர் சிரிச்சுது. ஆபரேஷன் பண்ணிண்டதுக்குக் குடுத்த நெய் டின்னைக் கொண்டு வந்து சமையல் உள்ளுல வச்சுட்டுப் பேசாம உக்காந்தார். ஏன் இப்படிப் பண்ணினேள்னு மூணு நாள் கேட்டேன். மூணாம் நாள் வாயத் திறந்தார். அவன் சின்னவன், விசாலம் அப்படின்னார். அவ்வளவுதான். அன்னிக்குத்தான் எனக்கு அவர் மேல ஆசையே வந்ததுன்னு சொன்னா நம்புவேளா?

மூணு வீடு தள்ளித் தட்டறா. இப்போ நான் சொல்றதைக் கேட்டுட்டு முகத்தை மாத்திக்காதேங்கோ. இது என் பிள்ளை பாலு இல்லை. பாலு அஸ்தி கரைக்க ஹரித்வார் போனவன், திரும்ப பஸ் இல்லாம அங்கேயே நிக்கறான். இது ஹர்னாம் சிங் பிள்ளை. வீட்ல தனியா இருந்தான். காலம்பற கொல்லைச் சுவர் ஏறிக் குதிச்சு வந்தான். போட்டிருக்கற பூணல் பாலுவோடது. இவன் முடியையும் கையில போட்டிருந்த இரும்புக் காப்பையும் புது வேஷ்டியில சுத்தி ஸ்வாமி அலமாரியில வச்சிருக்கேன். கத்தி வச்சப்போ கண்ணை மூடிண்டு அவா ஸ்வாமி பேரைச் சொல்லிண்டே இருந்தான். அவன் அப்பா வந்து கேட்டா என்ன பதில் சொல்லுவேனோ. பாலு வந்து அவருக்கு முறையாப் பண்ணட்டும். இன்னிக்குப் பண்ற பாவம் எனக்கே வரட்டும், உங்களுக்கு வேண்டாம். இவனும் சின்னவன், சாஸ்திரிகளே.

நம்மாத்துக் கதவுதான். தர்ப்பையைக் கையில எடுங்கோ. மொட்டைத் தலையும் எள்ளும் பிண்டமும் பாத்தா அவாளுக்கு வேற ஒண்ணும் தோணாது. பாரத்வாஜ கோத்ரம், பேரு தட்சிணாமூர்த்தி சர்மா. நன்னா உரக்க, வாசல் வரைக்கும் கேக்கறாப்பல ஆரம்பியுங்கோ. பாலு, சொல்லுடா கண்ணா. சாந்தா, நீ இவன் பக்கத்துல போய் உக்காரு. தாழ்ப்பாளை நான் எடுக்கறேன்.