செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு இனி யார்?

மலாக்கா, காஜா பேராங் மருந்தகத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் தாதியாகத் தொண்டாற்றி, மலாயா விடுதலை பெற்ற மறு ஆண்டில் ஓய்வு பெறும் செல்வி சாரதாம்பாள் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உவந்தளிக்கும் மடல்.

அஞ்சாத நெஞ்சும் அயராத கையும் அமைந்த அம்மையே! நோய் கண்டு நொந்தாரை நோகாமல் நடத்திய நல்லவரே! ஊர் வாய்க்கு ஒரு நாளும் அடங்காத எங்கள் தாதியம்மா மிஸ்ஸியே! வணக்கம்.

மாலை போட்டாயிற்று, லட்டும் பரிமாறியாயிற்று. இருந்தும் இங்கே ஒருவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. இன்று சனிக்கிழமை. இன்னும் மூன்றே நாளில் செவ்வாய் வந்துவிடும். மாலை நாலு மணிக்கு வாசகசாலையில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். உடம்பு வளர்வதையும், உடலுறவால் தொற்றும் மேகநோயையும் அவர்களுக்கு மறைக்காமல் சொல்லிவந்தவர் நீங்கள் ஒருவரே. இனி யார் சொல்வது? புதிய தாதி கோகிலாவைக் கேட்டால், "ஐயோ, எனக்குக் கூச்சமா இருக்கு" என்கிறார். புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸர் இராமலிங்கத்துக்கோ, கேட்ட அன்றே இடுப்பு பிடித்துக்கொண்டது.

எல்லாரையும்விட அதிகம் தவிப்பவர் பதிவேடு எழுதும் எங்கள் கிராணி கருணாகரன். முத்து முத்தான கையெழுத்து. கடைத்தெருவரை கேட்கும் தொண்டை. அந்தத் தொண்டை செய்த வினையை இந்த மடலில் மறைத்தால், உங்கள் பெருமையில் பாதியை மறைத்தவர்கள் ஆவோம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் பதிவு சன்னலில் அவர் உட்கார்ந்திருந்தார். அட்டையில் நோயின் பெயரைச் சிவப்பு மையில் எழுதுவார். எழுதியதை உரக்கப் படித்துச் சரிபார்ப்பார். அதைத் திருத்தமான வேலை என்றே நம்பியிருந்தார், பாவம்! ஒரு நாள் பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் வந்து நின்றான். "மேகப்புண்ணா? ஊசிக்கு அந்தப் பக்கம் நில்லு!" என்று கிராணி கூவினார். இருமலுக்கும் காய்ச்சலுக்கும் வந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளை ஓடியே போய்விட்டான். அவன் பெயரை இங்கே சொல்லமாட்டோம். சொல்லக் கூடாது என்பது உங்களிடம் நாங்கள் கற்ற முதல் பாடம்.

நீங்கள் அன்று கத்தவில்லை. "விரட்டினது உங்க வாய் கிராணி. கூட்டிட்டு வர்றதும் உங்க வாயாத்தான் இருக்கணும்" என்றீர்கள், அவ்வளவுதான்.

அவனைத் தேடி மூன்று வாரம் சைக்கிளை மிதித்தார் கருணாகரன். கண்டுபிடித்தபோது அவன் சிரித்தான். சந்தையில் லேகியம் வாங்கித் தின்றானாம், புண் ஆறிவிட்டதாம். "இப்ப எனக்கு ஒண்ணும் இல்ல சார். அடுத்த மாசம் கல்யாணம். நீங்க வந்து காரியத்தக் கெடுத்துடாதீங்க" என்று கதவைச் சாத்திவிட்டான். புண் ஆறினாலும் நோய் இரத்தத்திலேயே தங்கியிருக்கும், கட்டிக்கொள்பவளுக்கும் பிறக்கப்போகும் குழந்தைக்கும் தொற்றும் என்று நீங்கள் சொல்லியிருந்ததால், அந்தப் பெண்ணை நினைத்துக் கிராணிக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போய், அந்தப் பெண்ணுக்கு நேரக்கூடியதைக் கதவிடுக்கில் மெல்லச் சொன்னார். நாலாம் நாள் அவன் வந்தான். நாள் சரியில்லை என்று ஒரு சாக்குச் சொல்லிக் கல்யாணத்தைத் தள்ளிவைத்தான். பென்சிலின் ஊசி முழுவதும் போட்டு, இரத்தம் சோதித்து, நீங்கள் தலையசைத்த பிறகே தாலி கட்டினான்.

அன்றிலிருந்து சன்னலில் பெயரும் இல்லை, கூவலும் இல்லை. எண் எழுதிய மரவில்லை ஒன்றைக் கையில் கொடுப்பதோடு சரி. "ஓடிப்போன பின்ன தேடுறதவிட, வர்றதுக்கு முன்னமே சொல்லிடணும்" என்று செவ்வாய்ப் பேச்சைத் தொடங்கினீர்கள். பெற்றோர் சும்மா இருப்பார்களா? "கல்யாணம் கட்டாத பொம்பளைக்கு இதெல்லாம் என்னா பேச்சு?" என்றே கேட்டார்கள். நீங்கள் கலங்காமல், "கேட்டுட்டுப் போன பிள்ளை எதுவும் கெட்டுப்போனா, என்னைய வந்து கேளுங்க" என்றீர்கள். ஒருவரும் வந்து கேட்கவில்லை.

ஆனால் ஒன்று. ஊரார் பிள்ளைகளுக்கு வாசகசாலையில் நாற்காலி எடுத்துப் போட்ட கருணாகரன், தம் மகள் இந்திராவை மட்டும் ஒரு செவ்வாயும் அனுப்பவில்லை. நீங்கள் நீட்டிய அனுமதிச் சீட்டு ஓராண்டாய் அவர் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதை எடுப்பதும் வைப்பதுமாய் அவர் படும் பாட்டை நாங்கள் பார்க்கிறோம். உங்களுக்குப் பின் செவ்வாய்ப் பேச்சை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று கடைசியில் ஒப்புக்கொண்டவரும் அவரே. ஒத்திகையில் மேகநோய் என்ற சொல் வந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டு, தண்ணீர் கேட்டவரும் அவரே. மற்றவர் பிள்ளை முன் கூவிய வாய், சொந்தப் பிள்ளையை நினைத்ததும் அடைத்துக்கொண்டது.

அம்மையே! இந்த மடலை எழுதியது அவர் கை. இதோ உங்கள் முன் வாசிப்பதும் அவர் வாய். மேகநோய் என்ற அந்தச் சொல்லை இத்தோடு மூன்று தடவை இந்தச் சபை நடுவே உரக்கச் சொல்லியாயிற்று. தண்ணீர் கேட்கவில்லை.

ஓய்வு என்ற பெயரில் நீங்கள் ஒரு நாளும் சும்மா இருக்கமாட்டீர்கள் என்று தெரியும். கண்ணொளி குறையாமல், காலில் வலியில்லாமல், நெடுநாள் நீங்கள் நடமாட வேண்டும். முதல் நடையாக இந்தச் செவ்வாய் நாலு மணிக்கு வாசகசாலைக்கு வாருங்கள். கருணாகரன் எதையாவது விட்டுவிட்டால் எழுந்து கேளுங்கள். முன்வரிசையில் உங்கள் பக்கத்து நாற்காலி இந்திராவுக்கு. சீட்டில் இன்று காலை அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார்.

என்றும் தங்கள் அன்பில் கட்டுண்ட
மருந்தகப் பணியாளர்கள்,
காஜா பேராங், மலாக்கா, 1958