ஒரே ஒரு பச்சைக் கட்டம்

ஜொசியான்: ...அதெல்லாம் சரி ராஜாங்கம். கம்ப்யூட்டரு உன் பொறுப்பு, உனக்குப் புரியும். எனக்குப் புரியற மாதிரி சொல்லு. தமிழ்ல சொல்லு, பிரெஞ்சுல சொல்லு. இந்த ஆடிட் பாஷைல மட்டும் சொல்லாத.

ராஜாங்கம்: ரொம்ப சுளுவு மதாம். செவப்புக் கட்டம் போட்டிருந்தா ஆபத்து. மஞ்சள்னா சரி பண்ணணும். பச்சைன்னா... சபாஷ்.

ஜொசியான்: நம்ம ஆபீசுக்கு எத்தன பச்சை?

ராஜாங்கம்: ஒண்ணு.

ஜொசியான்: மொன் தியே, கடவுளே... ஊர்ல பாதி பிரெஞ்சு பென்ஷன் குடும்பத்தோட காகிதம் நம்ம கம்ப்யூட்டர்லதான் கெடக்குது. ஒண்ணே ஒண்ணா?

ராஜாங்கம்: அதனாலதான மதாம் பிரான்ஸ் கம்பெனிக்காரன் நம்ம பாதுகாப்பு எப்பிடின்னு வேவு பாக்க சொல்லாமக் கொள்ளாம ஆடிட்டர அனுப்புனான். நாளைக்குள்ள நாம பதில் போட்டாவணும். இல்லன்னா வேலைய வேற எடத்துக்குக் குடுத்துடுவான்.

ஜொசியான்: முன்னாடி போன் அடிச்சிக்கிட்டே இருக்குது. யாராவது எடுங்களேன்.

ராஜாங்கம்: எடுக்க ஆள் இல்ல மதாம். முன் மேசைல இருந்த லினெட்ட நீங்கதான் இனிமே வராதன்னு சொல்லிட்டீங்க.

ஜொசியான்: அந்தப் பேர எடுக்காத. ரிப்போர்ட்டப் படி.

ராஜாங்கம்: படிக்கிறேன். இருந்தாலும் மதாம்... அது ஞாயித்துக்கெழம சென்னைக்குக் கெளம்புதாம். வேல தேடி. அவங்கம்மாவத் தனியா விட்டுட்டு...

ஜொசியான்: ராஜாங்கம்.

ராஜாங்கம்: சரி மதாம். மொத செவப்பு, வசந்தா கவுண்ட்டர்.

ஜொசியான்: வசந்தாவா? அவ ஒரு எறும்பக்கூட உள்ள விடமாட்டாளே.

ராஜாங்கம்: எறும்ப விடமாட்டாங்க. ஆடிட்டருக்குக் கீபோர்டயே குடுத்துட்டாங்க. போன மாசம் ஒரு பொண்ணு வந்துச்சே, ஞாபகம் இருக்குதா? காட்டன் பொடவ, கையில ஒரு கட்டப்பை. அப்பாவோட காகிதம் தொலைஞ்சிபோச்சின்னு பெஞ்சில ஒக்காந்து எல்லார்கிட்டயும் கத பேசிச்சி.

ஜொசியான்: முத்தியால்பேட்டைப் பொண்ணு. நான்தான் காபி குடுக்கச் சொன்னேன்.

ராஜாங்கம்: அதான் ஆடிட்டர். சுமலதா.

ஜொசியான்: அந்தப் பொண்ணா... நான் தோள்ல கைய போட்டு ஆறுதல் வேற சொன்னேனே.

ராஜாங்கம்: அதையும் எழுதியிருக்குது மதாம். இங்கிலீஷ்ல இருக்கறத அப்பிடியே தமிழ்ல சொல்றேன். ‘உரிமையாளர் அன்பானவர். நான் யார் என்று மட்டும் கேட்கவில்லை.’

ஜொசியான்: ம்... மேல படி.

ராஜாங்கம்: ‘கவுண்ட்டர் ஊழியர் மிகுந்த மரியாதையோடு கீபோர்டை என் பக்கம் திருப்பி வைத்து, அப்பா பெயரை நீங்களே அடித்துவிடுங்கள் என்றார். பிறகு எனக்குக் காபி வாங்கப் போனார். அவர் வருவதற்குள் நாலைந்து குடும்பங்களின் விவரங்களைப் பார்த்துவிட்டேன்.’

ஜொசியான்: அது நம்ம வழக்கம்ல? நான் பழக்கிவிட்டது. பிரெஞ்சுக் காகிதத்துல ஒரு பேரு கொஞ்சம் மாறுனாப் போதும், போன வேகத்துல திரும்பி வந்துடும். அப்புறம் குடும்பமே நம்ம வாசல்ல வந்து நிக்கும். அவங்கவங்க பேர அவங்கவங்களே அடிச்சா நம்ம மேல பழி வராதுன்னுதான்...

ராஜாங்கம்: அதத்தான் ஓட்டைன்னு போட்டிருக்குது. கதவு, ஜன்னல், ஒயரு வழியா உள்ள பூந்த ஊரெல்லாம் உண்டாம். மரியாதை வழியா பூந்தது இங்கதானாம்.

ஜொசியான்: கெட்டிக்காரி. இல்ல, நெசமாத்தான் சொல்றேன். நம்ம பெஞ்சில ஒக்காந்து, நம்ம காபியவே குடிச்சிட்டு, நம்ம வீட்டப் புட்டுப் புட்டு வச்சிருக்கா. அவ மேல கோவம்கூட வரல எனக்கு.

ராஜாங்கம்: எனக்கும்தான். படிக்கப் படிக்கக் கையெடுத்துக் கும்புடலாம் போல இருக்குது. இன்னொண்ணு கேளுங்க. அடுத்த நாளு நம்ம ஆபீசுக்குப் போன் போட்டு உங்க கொரல்லயே பேசியிருக்குது.

ஜொசியான்: என் கொரல்லயா?

ராஜாங்கம்: அச்சு அசல். பாதி பிரெஞ்சு, பாதி தமிழு, நடுவுல ‘வித், வித், சீக்கிரம்’னு வெரட்டுறது... காபி குடிக்கிற நேரத்துல கேட்டுப் படிச்சிக்கிச்சி போல. ‘வெளியில மாட்டிக்கிட்டேன், என் பாஸ்வர்டு மறந்துபோச்சி, மேசையில அத எழுதி ஒட்டி வச்சிருக்கற கவரப் பிரிச்சி சீக்கிரம் சொல்லு’ன்னு.

ஜொசியான்: நான் அப்பிடியா எல்லாரையும் வெரட்டுறேன்?

ராஜாங்கம்: அடுத்த வரியப் படிக்கட்டுமா மதாம்?

ஜொசியான்: சரி, பதில் சொல்ல வேணாம். யாரு எடுத்தது போன?

ராஜாங்கம்: இங்கதான் மதாம் பச்சை வருது. ‘முன் மேசை ஊழியர் மறுத்தார். கெஞ்சினேன், மறுத்தார். வேலையை விட்டு அனுப்பிவிடுவேன் என்று மிரட்டினேன். அனுப்பிடுங்க மதாம், ஆனா நேர்ல வந்து அனுப்புங்க என்றார்.’ கீழ இன்னும் இருக்குது. ‘என் வேலையில் இப்படி ஒருவரைப் பார்ப்பது அரிது. பாதுகாப்புப் பொறுப்பை இவரிடமே கொடுங்கள். நீங்கள் அனுப்பும் பதிலில் இவருடைய கையெழுத்து இருக்க வேண்டும்.’

ஜொசியான்: பேரு போட்டிருக்குதா?

ராஜாங்கம்: பேரு இல்ல, மேசைதான். அந்த மேசைல யாரு இருந்தான்னு உங்களுக்கே தெரியும்.

ஜொசியான்: தெரியும்.

ராஜாங்கம்: அதுக்கு அடுத்த வாரம்தான் நீங்க காரைக்கால் கல்யாணத்துக்குப் போனீங்க. உங்க போன் தண்ணில விழுந்துடிச்சி...

ஜொசியான்: அந்தக் கதைய எதுக்கு இப்ப?

ராஜாங்கம்: சொல்லித்தான் ஆவணும் மதாம். வேற யார் போன்லயோ கூப்ட்டு, லினெட்டுகிட்ட அதே பாஸ்வர்டக் கேட்டீங்க.

ஜொசியான்: ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன் ராஜாங்கம். மாப்ள வீட்டுக்காரங்க அத்தன பேரும் சுத்தி நிக்கறாங்க. ‘நீங்க மதாமாவே இருந்தாலும் சரி, போன்ல சொல்ல மாட்டேன்’னுட்டா. ஒரு கெழவி வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சா பாரு... எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சிது. அந்தக் கோவத்துலதான் ஊருக்கு வந்ததும் வராததுமா...

ராஜாங்கம்: அனுப்பிட்டீங்க. நேர்லயே.

ஜொசியான்: குத்திக் காட்டாத.

ராஜாங்கம்: பாஸ்வர்ட போன்ல யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு மதாம்?

ஜொசியான்: நான்தான். அதான் உறுத்துது. நான் போட்ட சட்டத்த நானே மீறப் பாத்தேன், அவ விடல. மொதலாளி கத்துறா, வேல போவப்போவுதுன்னு தெரியுது, அப்பவும் கொரல ஒசத்தாம ‘மாட்டேன்’னு சொல்றா. அவ வயசுல எனக்கு அந்தத் தைரியம் கெடையாது. இப்பவும் கெடையாது.

ராஜாங்கம்: யாருக்குமே கெடையாது மதாம்.

ஜொசியான்: அப்பிடியா... சரி, லினெட் மறுத்ததும் அந்த சுமலதா சும்மா போயிட்டாளா?

ராஜாங்கம்: அடுத்த பக்கம் வெறும் பட்டியலு. ஒயரு, பேட்டரி, வைரஸ்...

ஜொசியான்: ரெண்டு பக்கத்த சேத்துத் திருப்புறியே.

ராஜாங்கம்: ஒட்டிக்கிச்சி மதாம். மழக்காத்துல.

ஜொசியான்: கழுவுற மீன்ல நழுவுற மீனு நீ. திருப்பு பின்னாடி.

ராஜாங்கம்: மதாம்...

ஜொசியான்: படி.

ராஜாங்கம்: ...படிக்க வேணாம், நானே சொல்லிடறேன். முன் மேசைல வேல ஆவலன்னு என் நம்பருக்குப் போட்டுச்சி. ‘ராஜாங்கம், வித், வித்’னு ஒரே அதட்டு. எழுந்து நின்னு சொல்லிட்டேன்.

ஜொசியான்: என் பாஸ்வர்டயா?

ராஜாங்கம்: உங்களுது, என்னுது, சர்வரோடது. கேக்காததையும் சேத்துச் சொன்னேன். மொத்த ரிப்போர்ட்லயும் பெரிய செவப்பு அதான்.

ஜொசியான்: எழுந்து வேற நின்னியா?

ராஜாங்கம்: உங்க கொரல் மதாம். காலு தானா எழுந்துடிச்சி.

ஜொசியான்: நல்லா இருக்குது போ. ...எனக்கு நேத்தே தெரியும். ரிப்போர்ட்ட எம் புள்ள ஃப்ளோரானுக்கு அனுப்பியிருந்தேன், பாரிஸ்ல இருந்து ஒரு வரி விடாம எனக்குப் படிச்சிச் சொல்லிட்டான்.

ராஜாங்கம்: அப்ப எதுக்கு மதாம் ஒண்ணும் தெரியாத மாதிரி என்ன ஒண்ணொண்ணா படிக்க வச்சீங்க?

ஜொசியான்: பெத்த புள்ள படிச்சிச் சொன்னா போதுமா? அந்தப் பக்கத்த நீயா சொல்றியான்னு எனக்குத் தெரிய வேணாமா?

ராஜாங்கம்: என்ன அனுப்பிடுங்க மதாம். லினெட்டக் கூப்புடுங்க. தப்பு பண்ணவன் சுழல் நாக்காலில ஒக்காந்திருக்கேன், சரியா இருந்த பொண்ணு பெட்டி கட்டிக்கிட்டு இருக்குது. எனக்கு வெக்கமா இருக்குது.

ஜொசியான்: ஒருத்திய அனுப்பிட்டு நான் படுற பாடு போதும். நீ இங்கயே கெட. இனிமே அவகிட்ட கத்துக்க.

ராஜாங்கம்: கத்துக்கறேன். அது வந்தாத்தான கத்துக்க முடியும்? கம்பெனிக்காரன் கேக்கற கையெழுத்து கெடக்கட்டும் மதாம், அந்தப் பொண்ணுக்கு நாம செஞ்சது அநியாயம். உங்க கவுரவத்த ஒரு நிமிஷம் ஓரமா வையுங்க. இந்தாங்க போனு. ஒரு வார்த்த சாரின்னு சொன்னா ஓடி வந்துடும்.

ஜொசியான்: விடிஞ்சதும் மொத வேலையா அவளத்தான் கூப்ட்டேன் ராஜாங்கம். சாரி இல்ல, ‘மன்னிச்சிடும்மா’ன்னே சொன்னேன், அழுதுகிட்டு. எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு, ‘எங்க மதாம் யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்க மாட்டாங்க, நீங்க யாரு பேசறது’ன்னு கேட்டுட்டு போன வச்சிட்டா... வண்டிய எடு, நெல்லித்தோப்புல அவ வீட்டு வாசல்ல நேர்ல போய் நிக்கிறேன்.