த/பெ லேட் நல்லசாமி

– உங்க கம்பெனிக்கு மத்த பேப்பரெல்லாம் முடிஞ்சுது கண்ணு. இந்த ஒரு கட்டந்தான் காலி. உங்கப்பன் பேருக்கு முன்னால 'லேட்' போடட்டுமா, வேண்டாமா?

– போட்டுருங்க மயில்சாமி மாமா.

– போடாதீங்க.

– அம்மா, நீ கொஞ்சம் சும்மா இரு.

– ரெண்டு பேரும் ஒண்ணாச் சொல்லோணும். முப்பத்தஞ்சு வருசமாக் குன்னூர்ல பத்திரம் எழுதறேன், ஒரு 'லேட்'டுக்கு இத்தனை பஞ்சாயத்து பாத்ததில்லீங்க.

– நெட்டுல எடுத்த மாடல்தான மாமா இது. எல்லாக் கம்பெனிக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். விதிமுறை, பங்குதாரர் ஒப்பந்தம் எல்லாத்துலயும் கூட்டாளி கிருத்திக்கும் நானும் கையெழுத்துப் போட்டாச்சு. எனக்கு மட்டும் எழவு இந்தக் கட்டம்.

– கட்டம் பெருசில்லை சசி. ஆபீஸ் அட்ரஸா உங்க ஊட்டையல்ல குடுத்திருக்கற? ஊடும் தோட்டமும் நல்லசாமி பேர்ல. ஆளு இருந்தா சம்மதக் கடுதாசில அவரு கையெழுத்து வேணும். இல்லீன்னா, காணாமப் போயி ஏழு வருசத்துக்கு மேல ஆச்சு, செத்தவராவே எடுத்துக்கங்கன்னு கோர்ட்டுல மனுப் போடோணும். அதுல சம்சாரம் கையெழுத்துப் போடோணும். சட்டம்னா சட்டந்தான்.

– அந்த மனுவைத்தான் ஆறு மாசமா நீட்டிட்டிருக்கேன். அம்மா பேனாவையே தொட மாட்டேங்குது.

– காளியம்மா, நான் சொல்றதக் கேளுங்க. ரெண்டாயிரத்துல தேயிலை விலை விழுந்தப்ப எத்தனை ஊட்ல என்னென்ன நடந்துச்சுன்னு எனக்குந் தெரியும். பைக்காரா லேக் ஓரம் கெடந்த உங்கூட்டுக்காரரு செருப்பையும் குடையையும் எடுத்துட்டு வந்ததே நானும் பக்கத்துத் தோட்டத்துச் சில்வஸ்டருந்தான். மூணு நாள் தண்ணிக்குள்ள தேடுனாங்க.

– ஆளு கெடைக்கலீல்லங்க?

– கெடைக்கலீங்க.

– அந்தக் குடை இன்னும் கதவுக்குப் பின்னால தொங்குது மாமா. மழை புடிச்சா அம்மா அதை எடுத்து விரிச்சுப் பாத்துட்டு மறுபடி மாட்டும். அவரு கம்பளியத் துவைச்சுக் காயப் போடும். சின்னப் புள்ளைல தோட்டத்துக்குள்ள குச்சி முறியற சத்தம் கேட்டாலே அப்பான்னு ஓடுவேன். இப்பவும் கேக்குது, திரும்பிப் பாக்கப் பயமா இருக்குது. செத்தவங்களுக்கு ஒரு திதியாவது உண்டு. எங்கூட்ல அதுவுமில்ல. அவரு எங்கயும் போகாம உள்ளயே நிக்கறாரு.

– அப்படிச் சொல்லாத சசி.

– பின்ன எப்படிச் சொல்லட்டும்? இந்த வருசமும் விலை இறங்கிருச்சு. ஃபேக்டரிக்காரங்க வாயப் பாத்துட்டு நிக்காம, நம்ம இலைய நாமளே தூளாக்கி விக்கலாம்னுதான் இந்தப் பாடு. மிஷின் போடறதும் நம்ம ஊட்லதான். இன்னிக்கு மனுவாவது போடலீன்னா கிருத்திக் பெங்களூர் வேலைக்கே போயிருவான். அப்புறம் நானும் எல்லாத்தையும் வித்துட்டுக் கீழ எறங்க வேண்டியதுதான்.

– பொட்டு அழியுமேன்னு பாக்கறீங்களா காளியம்மா?

– பொட்டு கெடக்குதுங்க. கோர்ட்டுல சத்தியம் பண்ணோணுமில்லீங்க?

– ஆமாங்க. உசுரோட இருக்கறதா எந்தத் தகவலும் இல்லைன்னு சொல்லோணும்.

– அதாங்க என்னால முடியாது.

– ஏம்மா?

– நேத்து கருப்பம்மா ஊட்டுக் கல்யாணம்னு கூடலூர் போனனில்ல.

– அதுக்கும் இதுக்கும் என்ன?

– கல்யாணமெல்லாம் இல்ல கண்ணு. அந்தச் சம்மதக் கடுதாசியத்தான் எடுத்துட்டுப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு மளிகைக் கடை. அங்க அவருக்கு வேற பேரு. பதினோரு வருசமா எனக்குத் தெரியும், உங்கிட்டச் சொல்ல வாய் வரலை. கடைல உன் வயசுல ஒரு பொண்ணு இருந்துச்சு, மலையாளத்துல அப்பாங்கற மாதிரி 'அச்சா'ன்னு உள்ள பாத்துக் கூப்புட்டுச்சு.

– காளியம்மா, என்னங்க சொல்றீங்க?

– அம்மா... கையெழுத்துப் போட்டாராம்மா?

– கண்ணாடி போட்டு நெதானமாப் படிச்சாரு. கம்பெனி பேரைப் படிச்சாரு, உம் பேரைப் படிச்சாரு. அப்புறம் மடிச்சு எங்கையிலயே குடுத்துட்டு, 'லேட்டுன்னே போட்டுக்கச் சொல்லு'ன்னாரு.