பதினைந்தாவது பதிவு

என் அறையில் இரண்டு நாற்காலிகள் உண்டு. இரண்டும் ஒரே உயரம். ஆலோசனைக்கு வருகிறவர் தன்னைத் தாழ்வாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, நானே கடை கடையாக ஏறி இறங்கி, அளவு நாடா வைத்து அளந்து வாங்கியவை. நீங்கள் சோதனைக்கு வந்த அன்று உங்கள் ஏட்டு அவற்றில் ஒன்றில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடினார். அதில் ஒரு கால் தளர்ந்துவிட்டது. சரி செய்து கொடுக்கச் சொல்லுங்கள்.

இன்ஸ்பெக்டர் ஐயா, எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன். தையல்காரம்மா என்னிடம் வந்தது பதினான்கு புதன்கிழமைகள். அவருடைய கோப்பில் இருக்கும் ஒலிப்பதிவுகள் பதினைந்து. எண்ணிக்கை இடிக்கிறதே என்று கேட்டீர்கள். பதினைந்தாவதை நீங்கள் இன்னும் போட்டுக் கேட்கவில்லை என்று அப்போதே தெரிந்துகொண்டேன். கேட்டிருந்தால் எனக்கு டீ வாங்கித் தந்திருக்க மாட்டீர்கள்.

இங்கே ஸ்டேஷனில் பக்கத்து அறையில் அந்த அம்மாள் மூன்று மணி நேரமாக அழுதுகொண்டிருக்கிறார். "எங்க அக்காவ நான்தான் கொன்னேன், நான்தான் கொன்னேன்" என்று சுவர் வழியாகக் கேட்கிறது. படுத்த படுக்கையாகக் கிடந்த அக்காவை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு மூன்று நாள் கடற்கரைக்குப் போனார். திரும்பி வந்தபோது அக்கா தாகத்தில் செத்துக் கிடந்தார். அவர் மேல்தான் வழக்குப் போடப்போகிறீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பித்தான் ஓட்டை வெட்டும்போதே கை நடுங்குகிற மனுஷி அவர். செய்யாத காரியத்துக்கு இப்படி உரிமை கொண்டாடுவதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் முறையில் நாங்கள் அறிவுரை சொல்வதில்லை. கேள்விகூட அதிகம் கேட்பதில்லை. வருகிறவரின் சொல்லை அவரிடமே திருப்பித் தருவோம், அவ்வளவுதான். ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் நல்லபடி வளர ஒரு உந்துதல் இருக்கிறதாம். நாம் உண்மையாக இருந்து, எதிரில் இருப்பவரை நிபந்தனை இல்லாமல் ஏற்று, உலகத்தை அவர் கண்ணால் பார்த்தால் போதுமாம், அவர் தானே தளிர்த்துவிடுவாராம். படிக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் வகுப்பில் முதல் மதிப்பெண் என்னுடையது. எங்கள் பயிற்சி ஆசிரியை மட்டும் என் அறிக்கையில், "காது இருக்கிறது, ஆள் இல்லை" என்று எழுதினார். அவருக்கு அப்போது ஓய்வு பெறும் வயது, நான் பொருட்படுத்தவில்லை.

எங்கள் ஆலோசனை மையத்தில் என் பக்கத்து அறையில் இன்னொரு ஆலோசகர் இருக்கிறார். நான் அவருக்கு வைத்த பெயர் சர்க்கரை. வருகிறவர்கள் கையைப் பிடித்துக்கொள்வார், கூடவே அழுவார், போகும்போது வாசல் வரை வருவார். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பார். அவரிடம் போனவர்கள் நான்கு மாதத்தில் குணமாகிப் போய்விடுவார்கள். என்னிடம் வருகிறவர்கள் வருடக்கணக்கில் வருவார்கள். இதிலிருந்தே யார் ஆழமாக வேலை செய்கிறார் என்று புரியும்.

என் மனைவிக்கும் இந்த முறை புரியவில்லை. ஒருநாள் சமையலறையிலிருந்து, "ஏங்க, கேஸ் தீந்துடுச்சு" என்றாள். "கேஸ் தீந்துடுச்சுன்னு உனக்குத் தோணுது" என்றேன். "எனக்குத் தோணலைங்க, தீந்துடுச்சு" என்றாள். மூன்றாவது வருடம் பெட்டியைக் கட்டிக்கொண்டு, "நான் பேசறது எனக்கே திரும்பி வருது. இதுக்கு ஒரு மனுஷன் எதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கேட்கப்படுவதன் அருமை தெரியாதவள்.

தையல்காரம்மாவுக்கு வருவோம். வயது நாற்பத்திரண்டு. அம்மா இல்லாத வீட்டில் அவரைத் தூக்கி வளர்த்தது அக்கா. தங்கையின் படிப்புக்காக அக்கா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அக்காவுக்குப் பக்கவாதம் வந்து, வலது பக்கம் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து இவர் தையல் இயந்திரத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, ஒரு கண் துணியிலும் ஒரு கண் அக்காவிடமுமாக இருந்தார். தூக்கம் வரவில்லை என்று என்னிடம் வந்தார்.

பத்து வாக்கியம் பேசினால் ஒன்பது பாசமாக இருக்கும். அக்கா இடுப்பில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போனது, அக்கா தலை வாரிவிட்டது. எல்லோரும் இதைத்தான் பேசுகிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அந்த ஒன்பதுக்கும் நான் ஜன்னலைப் பார்ப்பேன். பத்தாவது வாக்கியத்தில் கொஞ்சம் அலுப்பு இருக்கும். அப்போது முன்னால் சாய்ந்து, அதை மட்டும் மெதுவாகத் திருப்பிச் சொல்வேன். மனிதர்கள் யாராவது தலையாட்டும் பக்கமாகத்தான் பேசுவார்கள். நான்காவது வாரம், "சில நாள், அக்கா போயிட்டாக்கூட தேவலன்னு தோணிடுது சார்" என்று சொல்லிவிட்டுத் தன் வாயிலேயே அடித்துக்கொண்டார். "போயிட்டா தேவலன்னு இருக்கு" என்றேன். பதிவில் இருக்கிறது, கேட்டிருப்பீர்கள். அந்த அம்மாள் என்னிடம் பேசியதிலேயே உண்மையான வாக்கியம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் மேல்துணி.

ஒன்பதாவது வாரம் சிரித்துக்கொண்டு வந்தார். அக்கா இடது கையால் பித்தான்களை நிறம் பார்த்துப் பிரிக்கப் பழகிவிட்டாராம். கீழ்வீட்டு அம்மாள் மதிய நேரத்தில் வந்து உட்காருகிறாராம். "நல்லா தூக்கம் வருது சார். இனிமே வர வேண்டாம்னு நெனைக்கிறேன்" என்றார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. ஒன்பது வாரம் நான் தோண்டிய பள்ளத்தை ஒரு டப்பா பித்தான் தூர்த்துவிட்டது. எனக்குக் கோபம் இல்லை, கொஞ்சம் அருவருப்பாக இருந்தது.

"இனிமே அக்கா கூடவே இருந்துடலாம்னு முடிவு பண்ணிட்டீங்க" என்றேன்.

பிறகு நான் எதுவும் பேசவில்லை. எங்கள் அறைகளில் கடிகாரம் வருகிறவரின் தலைக்குப் பின்னால் மாட்டியிருக்கும், நாங்கள் மட்டும் பார்ப்பதற்காக. ஏழு நிமிடம் ஆனது. அந்தச் சிரிப்பு மெல்லக் கழன்று விழுந்தது. "காலம் பூரா இப்படியேவா சார்?" என்று அவரே கேட்டார். "காலம் பூரா" என்றேன். அடுத்த புதன்கிழமை பத்து நிமிடம் முன்னதாகவே வந்து காத்திருந்தார்.

பதினான்காவது வாரம், தையல் கடைத் தோழிகள் கடற்கரைக்குக் கூப்பிடுகிறார்கள், வெள்ளி காலை போய் ஞாயிறு மாலை வரலாம் என்றார். கீழ்வீட்டு அம்மாள் சாவியை வைத்துக்கொண்டு மூன்று வேளையும் பார்த்துக்கொள்வாராம். "போனா தப்பா சார்?" என்று மூன்று முறை கேட்டார். தப்பா என்று அவர் யோசிப்பதை மூன்று முறையும் அவருக்கே எடுத்துச் சொன்னேன். கடைசியில், "ஒரு தடவையாவது போனையும் அணைச்சு வெச்சுடணும் சார்" என்றார். "அணைச்சு வெச்சுடணும்" என்றேன். அணைத்து வைத்தார். இதுவரைக்கும் என் மேல் எந்தச் சட்டமும் பாயாது. அவர் வாயிலிருந்து வராத விஷயம் எதையும் நான் பெரிதாகச் சேர்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மையத்துக்குத் தொலைபேசி வந்தது. வரவேற்புப் பெண் விடுப்பில் இருந்ததால் நான் எடுத்தேன். கீழ்வீட்டு அம்மாள் பேசினார். வெளியூரில் மகளுக்கு நாளுக்கு முன்னாலேயே பிரசவ வலி கண்டுவிட்டதாம், வண்டி வாசலில் நிற்கிறதாம். தையல்காரம்மாவின் போன் கிடைக்கவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது அவர்தான், அவசரம் என்றால் சாரிடம் சொல்லுங்கள், சார் தங்கமான மனுஷன் என்று இந்த அம்மாளிடம் சொல்லி, மையத்தின் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"காலைல கஞ்சி குடுத்துட்டேன் சார். சாவிய மாடிப்படி அடியில பூந்தொட்டிக்குக் கீழ வெச்சிருக்கேன், அவங்க அக்காகிட்டயும் சொல்லிட்டேன். யாரையாவது அனுப்பி வைங்க சார்."

"மகளையும் பாக்கணும், இவங்களையும் விட முடியல. ரொம்பத் தவிப்பா இருக்கு உங்களுக்கு" என்றேன்.

"ஆமா சார், தவிப்பாத்தான் இருக்கு. நீங்க பாத்துக்குவீங்கல்ல?"

"யாராவது பாத்துக்கிட்டா நிம்மதியாப் போகலாம்னு இருக்கு."

"ரொம்ப நன்றி சார், நீங்க நல்லா இருக்கணும்" என்று வைத்துவிட்டார். அந்த அம்மாளை நீங்கள் இன்னும் தேடிப் பிடிக்கவில்லை. பிடித்தால் நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன் என்பார். நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஜனங்களுக்குத் தங்கள் குரலை இன்னொருவர் வாயில் கேட்டாலே அது வாக்குறுதியாகிவிடுகிறது.

நான் மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். மறக்கவில்லை. வெள்ளி மாலை இரண்டு பேருக்கு ஆலோசனை கொடுத்தேன், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன், தூங்கினேன். எங்கள் முறையில் நாங்கள் யார் வாழ்க்கையிலும் குறுக்கே போவதில்லை. அக்கா போய்விட்டால் தேவலை என்ற அந்த ஒரு உண்மை தானே வளர்ந்து வந்துகொண்டிருந்தது. வளர்கிற ஒன்றைப் பிடுங்க நான் யார்?

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆலோசனைக்கு வர வேண்டியவர் வரவில்லை. தையல்காரம்மாவின் வீடு நடந்து போகும் தூரம்தான். பூந்தொட்டியைப் பார்த்தேன், சாவியின் நூல் வெளியே தெரிந்தது. படி ஏறினேன். மேலே தகரக் கூரை, வெயில் அடித்து இறங்கிக்கொண்டிருந்தது. கதவுக்கு முன்னால் கடைசிப் படியில் உட்கார்ந்தேன். அக்கா உள்ளே, கதவை ஒட்டிய கட்டிலில். கிட்டத்தட்ட ஒரே உயரம்.

உட்கார்ந்ததும் பழக்கத்தில் பையிலிருந்த பதிவுக் கருவியை அழுத்தியிருக்கிறேன். ஒவ்வொரு சந்திப்பையும் பதிவது எங்களுக்குக் கைப்பழக்கம். சாயங்காலம் அதைத் தேதி போட்டுத் தையல்காரம்மாவின் கோப்பில் சேர்த்ததும் அதே பழக்கம்தான். வேறு எந்தத் தொழில்காரனும் இப்படி மாட்டிக்கொள்ள மாட்டான்.

காலடிச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். "யாரு... கண்ணு, நீயா?" என்று குழறிய குரல் வந்தது. பிறகு, "தண்ணி."

"தண்ணி வேணும்னு இருக்கு" என்றேன்.

"ஆமா... ஆமா. சாவி கீழ இருக்கும். தொட்டிக்கிட்ட."

"சாவி எங்க இருக்கும்னு உங்களுக்குத் தெரியுது."

அவர் அழுதார். நான் காத்திருந்தேன். அழுகையை அவசரப்படுத்தக் கூடாது. நீ யார் என்று இரண்டு முறை கேட்டார். எங்களைப் பற்றிப் பேசி வருகிறவரின் நேரத்தை எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கமில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தங்கையைப் பற்றிப் பேசினார். "அவளத் திட்டாதீங்க. எந்தங்கம் இப்பத்தான் மொத மொதல்ல வெளிய போயிருக்கா. நல்லா இருந்துட்டு வரட்டும். தண்ணி மட்டும் யாராவது..." என்று இழுத்தார். சாகிற நேரத்திலும் அதே பாசப் பாட்டு. எனக்கு அலுப்பாகத்தான் இருந்தது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

ஞாயிறு மாலை தையல்காரம்மா கொண்டுவந்த பையில் ஒரு அழைப்பு மணி இருந்ததாக உங்கள் ஏட்டு சொன்னார். படுக்கையிலிருந்தே அக்கா அழுத்திக் கூப்பிடுவதற்காகக் கடற்கரைக் கடையில் வாங்கியதாம். இதைப் பாசத்துக்கு அத்தாட்சியாக நீங்கள் எழுதிவைத்திருக்கிறீர்கள். பதினான்கு வாரம் நான் உட்கார்ந்து பாடுபட்ட பிறகும் அவர் மணி வாங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறார். கழுதை கெட்டால் குட்டிச்சுவர்.

ஆகையால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவர் ஊருக்குப் போனார், அவ்வளவுதான். தொலைபேசியை எடுத்தவன் நான். சாவியைப் பார்த்தவன் நான். கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவனும் நான்தான். அக்காவைக் கொன்றது நான். இதில் எனக்கு ஒளிவுமறைவு இல்லை.

சரியாக ஐம்பது நிமிடம் ஆனதும், நம்ம நேரம் முடிஞ்சுது என்று வழக்கம்போல மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்தேன். நான்கரை மணிக்கு எனக்கு அடுத்தவர் இருந்தார். பதினைந்தாவது பதிவை இப்போது போட்டுக் கேளுங்கள் ஐயா. எங்காவது குறுக்கே பேசியிருக்கிறேனா, குரலை உயர்த்தியிருக்கிறேனா, ஒரு அறிவுரையாவது சொல்லியிருக்கிறேனா என்று பாருங்கள். அந்த அக்காவின் வாழ்நாளில் அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டவன் நான் ஒருவன்தான்.