மதிலோரம் ஊற்றிய தண்ணீர்

— பிள்ளையை வெயிலுக்க ஓட விட்டிட்டு விசில் ஊதிக்கொண்டு நிண்டனீங்கள். இப்ப கையில சேலைன் ஏறுது. என்ன சொல்லப் போறீங்கள், நிக்கலஸ் சேர்?

— உஷாந்தி அக்கா, கொஞ்சம் நான் சொல்றதயும் கேளுங்க. இருபது நிமிஷத்துக்கு ஒருக்கா நெட்போல் பிராக்டிஸ நிப்பாட்டி, தண்ணி குடிக்க விடுறேன். சத்தியமா.

— அப்ப ஏன் என்ர பிள்ளை விழுந்தவள்? உடம்பில தண்ணியே இல்லையெண்டு டொக்டர் ஏசுறார். ஒவ்வொரு நாளும் ஒரு லீட்டர் போத்தில குடுத்து விடுறனான். தேசிக்காய் பிழிஞ்சு, உப்பும் சீனியும் போட்டு. பின்னேரம் வெறும் போத்தில்தான் வீட்டை வாறது.

— கோவிக்காதீங்க அக்கா. இன்னிக்கு விழறதுக்கு முந்தி என் கண்ணால பார்த்தேன். உங்க மகள் போத்தில கவுத்து மதிலோரம் ஊத்துது.

— என்ன விசர்க் கதை இது?

— மாதா மேல ஆணை.

— யதுஷா, கண்ணை மூடிக்கொண்டு நடிக்காதை. நீ முழிச்சிருக்கிறாய் எண்டு தெரியும். சேர் சொல்லுறது உண்மையோ?

— ஓம் அம்மா.

— ஏனடி? மெலியோணும் எண்டு போனில ஏதும் பார்த்தனியோ?

— அதில்லை. சேர் வெளியில போகட்டும், சொல்லுறன்.

— போறேன் மகள். ஆனா நாளைக்கும் அந்தக் கிரவுண்டுக்கு நான்தானே பொறுப்பு?

— அவர் நிக்கட்டும். சொல்லு.

— குடிச்சா பாத்ரூம் போகோணும்.

— மூலையில ஒண்ணு இருக்கே, மகள்.

— அதுக்கு உள்ளுக்குப் பூட்டக் கொண்டி இல்லை சேர். ஒரு கையால கதவைப் பிடிச்சுக்கொண்டு இருக்கோணும். பைப்பில தண்ணியும் வாறேல்லை. பக்கத்திலதான் கிரிக்கெட் பொடியள் உடுப்பு மாத்துறவங்கள். போன மாசம் ஒருத்தன் கதவைத் தள்ளிப்போட்டுச் சிரிச்சவன்.

— ஐயோ பிள்ளை! எனக்கேன் சொல்லேல்லை?

— சொன்னா நீங்கள் விளையாட்டை நிப்பாட்டிப் போடுவீங்கள்.

— நிப்பாட்டித்தான் இருப்பன்.

— எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, மகள்? ரெண்டு வருஷமா அங்கதானே நிக்கிறேன். ஒண்ணுமே தெரியாமப் போச்சே.

— நீங்கள் எங்க சேர் போறனீங்கள்?

— நானா? நான்... அந்த மதிலுக்குப் பின்னால.

— எங்களுக்கு அப்பிடி ஏலாதே சேர். காலமையிலிருந்தே நான் குடிக்கிறேல்லை. பள்ளிக்கூடம், பிராக்டிஸ், பிறகு கொட்டாஞ்சேனையிலயிருந்து வெள்ளவத்தைக்கு பஸ். வீட்டை வரு மட்டும் தாங்கோணும்.

— பார்த்தீங்களோ சேர்? ஒரு கொண்டி. ஒரு கொண்டிக்காகப் பிள்ளை இப்பிடிக் கிடக்கிறாள்.

— என் பிழைதான் அக்கா. இன்னிக்கே தச்சு வேல செய்ற பாஸ் ஒருத்தரக் கூட்டிட்டுப் போய்க் கொண்டி பூட்டுறேன். பைப்பயும் பார்க்கிறேன். பொடியன்கள வேற பக்கம் மாத்தச் சொல்லி பிரின்சிபல்கிட்ட நானே பேசுறேன். புள்ளைய மட்டும் நிப்பாட்டிடாதீங்க.

— முதல்ல பூட்டுங்கோ. பிறகு கதைப்பம். மற்றப் பிள்ளையள் இப்ப எங்கை?

— கிரவுண்ட்லதான். சனிக்கிழமை மேட்ச் இல்லையா? டில்ஷானி மிஸ் ஓட விட்டுட்டு இருக்காங்க. புள்ளைகளுக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருந்தாங்க.

— சேர், உடன மிஸ்ஸுக்குக் கோல் எடுத்து நிப்பாட்டச் சொல்லுங்கோ! மற்றப் பதினொரு பேரும் தண்ணியை ஊத்துறவைதான். முதல் விழுந்தது நான், அவ்வளவுதான்.