அடுத்த பிறவிக்கு மஞ்சள் ஸ்வெட்டர்

ஹட்டனிலிருந்து அக்கரப்பத்தனைக்குப் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில், ஐம்பதைத் தாண்டிய கணவனும் மனைவியும் மகளின் போனில் பார்த்த படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"செத்தவன் முந்நூறு வருசம் கழிச்சு வேற கிரகத்துல பொறக்குறான். அங்கயும் போயி அவன் பொஞ்சாதி அவனக் கண்டுபுடிச்சிர்றா. நீங்க என்னடான்னா, இப்ப பஸ் ஸ்டாண்டுல என்னையத் தாண்டிப் போறீங்க."

"நீ புதுசா பச்ச ஸ்வெட்டர் வாங்கி, கடையிலயே மாட்டிக்கிட்டா? நான் பழைய மஞ்சளையில்ல தேடுனேன்."

"பச்சைக்கு என்ன கொறச்சலு?"

"மலையில நாப்பது பேரு கொழுந்து எடுக்குறீங்க. ரோட்டுல இருந்து பாத்தா, மஞ்சளா தெரியிறது நீதான்னு எனக்குத் தெரியும். இதப் போட்டேன்னா தேயிலையோட தேயிலையா போயிருவ."

அவர் சிரித்ததில் சீட்டே ஆடியது.

"அடுத்த பொறப்புலயும் மஞ்சளே போட்டுட்டு வா புள்ள. எந்தக் கிரகம்னாலும் கண்டுபுடிச்சிர்றேன்."

அவள் பச்சையைக் கழற்றிவிட்டுப் பையிலிருந்த பழைய மஞ்சளை மாட்டிக்கொண்டாள்.

"அடுத்த பொறப்பு கெடக்கட்டும். புதன்கிழம நெஞ்சு ஆப்பரேசன் முடிஞ்சு நீங்க கண்ணு முழிக்கயில, கட்டிலுப் பக்கத்துல இதப் போட்டுட்டு நிப்பேன். மொதல்ல அங்க என்னையக் கண்டுபுடிங்க."