நாற்பத்து மூன்று படிக்கு ஒரு கைப்பிடி

மேடையில் அமர்ந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அருணாசலம் அவர்களே, என் மனைவிக்கு வேலை பழக்கிய மூத்த செவிலியர் அத்தாயி அம்மா அவர்களே, டாக்டர் அவர்களே, பாயில் உட்கார்ந்திருக்கும் ஊர்ச் சனங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் தனபால். செவிலியர் சுகுணாவின் புருசன். சொந்த ஊர் பேளுக்குறிச்சி. டிப்ளமோ மெக்கானிக்கல் படித்துவிட்டு நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் போர்மேனாக இருக்கிறேன். அளவு கொடுத்தால் இரும்பை வெட்டுவேன், பற்றவைப்பேன். மேடையில் பேசிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்காவிட்டாலும் பரவாயில்லை.

சற்று முன்னால் எல்லோரும் எழுந்து, காலைச் சேர்த்து வைத்து, கண்ணை மூடி இரண்டு நிமிடம் மௌனமாக நின்றீர்கள். ஒருவராவது விழுந்தீர்களா? இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் சேலத்தில் ஒரு நரம்பு டாக்டர் சுகுணாவையும் இதே மாதிரிதான் நிற்கச் சொன்னார். காலைச் சேர்த்து, கண்ணை மூடி. நான் பக்கத்தில் நின்று மனசுக்குள் எண்ணினேன். ஆறு எண்ணுவதற்குள் என் மேல் சாய்ந்துவிட்டாள். இன்று நீங்கள் அவளுக்குச் செய்த மரியாதையை அவளால் யாருக்கும் செய்திருக்க முடியாது.

ஒன்றே ஒன்றைக் கேட்கத்தான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன். பஸ் நிற்கிற இடத்திலிருந்து துணை சுகாதார நிலையத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இறங்குகிற நாற்பத்து மூன்று கல்படி. பதினாறு நாளைக்கு முன்னால் அதில் முப்பத்தொன்றாம் படியில் சுகுணா விழுந்தாள், எழுந்திருக்கவில்லை. எங்கள் மகள் பாவைக்கு ஏழு வயது. நாளைக் காலை அவள் மறுபடி பள்ளிக்கூடம் போகிறாள். அதே படி. அந்தப் படிக்கு ஒரு கைப்பிடி வேண்டும்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் சுகுணாவைத் தெய்வம் என்றீர்கள். மலையின் மகள் என்றீர்கள். இதெல்லாம் அவள் காதில் விழ வேண்டிய காலத்தில் விழுந்தது வேறு.

அவளுக்குத் தலை சுற்ற ஆரம்பித்தபோது நாம் என்ன செய்தோம்? மாதா மாதம் செவிலியர் கூட்டத்துக்கு மலைக்குக் கீழே போய்விட்டு, அடிவாரக் காரவள்ளியில் பஸ் ஏறி எழுபது வளைவும் திரும்பி மேலே வருவாள். இறங்கும்போது தள்ளாடுவாள். நாம் சிரித்தோம்.

"என்ன கண்ணு, மலையில பொறந்த உனக்கே சுத்துதா? கீழ மாப்பிள்ள கட்டுனதும் மலை மறந்துபோச்சாக்கும்!"

"எலுமிச்சம்பழத்த மோந்துக்க சாமி, செரியாப் போயிரும்."

இரண்டு வருடம். இரண்டு வருடம் எலுமிச்சம்பழம் மோந்தாள். வேறு எந்த ஊராக இருந்தாலும் ஒருத்தி இப்படித் தள்ளாடினால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருப்பார்கள். நம் ஊரில் எல்லாத் தலைசுற்றலுக்கும் பதில் அந்த எழுபது வளைவில் இருக்கிறது. ஊர் ஊருக்குப் போய் அடுத்தவர் நோயைக் கண்டுபிடித்தவளுக்கு, தன் நோய் பஸ்ஸில் வந்தது என்றே நினைப்பு. நானும் அப்படித்தான் நினைத்தேன். பை நிறையப் பழம் வாங்கி வந்து கொடுத்தவனே நான்தான்.

ஸ்கேனில் தெரிந்தது. இரண்டு காதிலிருந்தும் மூளைக்குப் போகிற நரம்பில் கட்டி. புற்றுநோய் இல்லை, மெதுவாக வளர்கிற கட்டி. எனக்குப் புரிகிற மாதிரி டாக்டர் சொன்னார். காதுக்கு உள்ளே, கொத்தனார் மட்டம் பார்க்க வைக்கிற மாதிரி ஒரு ரசமட்டம் இருக்கிறது. கண்ணை மூடினாலும் நாம் நேராக நிற்பது அதனால்தான். இவருக்கு இரண்டு பக்கமும் அது போய்க்கொண்டிருக்கிறது. இனிமேல் கண்ணும் பாதமும்தான் அவருக்கு ரசமட்டம் என்றார். ஒரு பக்கக் கட்டியை எடுத்தார்கள். அந்தப் பக்கத்துக் காதும் கட்டியோடு போயிற்று.

ஒரு காது போனவள் வீட்டில் படுத்தாளா? மூன்றாவது மாதம் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கினாள். ஒரே பெட்டியென்றால் ஒரு பக்கம் இழுக்கிறது என்று இரண்டு பெட்டியாக்கி இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டாள். நம் குண்டூர் நாட்டு மலையூர்களுக்குக் காலை அகட்டி வைத்து நடந்தே போனாள். பிள்ளைகள் "வாத்து நர்சு, வாத்து நர்சு" என்று பின்னாலேயே வந்தால் திரும்பி நின்று "குவாக்" என்பாள். பிள்ளைகள் சிதறி ஓடும். ஊசி போடும் நாளில் அதே பிள்ளைகள் அவள் மடியில்தான் அழும்.

செல்லமுத்து அண்ணன் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மதுக்கடையிலிருந்து வரும் வழியில் ஒருநாள் அவளைப் பார்த்து என்ன கேட்டீர்கள் அண்ணா?

"ஏனுங்க நர்சம்மா, காலங்காத்தாலேயே ஆச்சாட்டம் இருக்குது? எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வெக்கக் கூடாதுங்களா?"

அவள் விட்டாளா? "நீங்க குடிச்சாத்தான் ஆடறீங்கண்ணா, நான் குடிக்காமயே ஆடறேன். எனக்குச் செலவு மிச்சமுங்க."

சிரியுங்கள், அவள் சொன்னது சிரிக்கத்தான். ஆனால் வீட்டுக்கு வந்து அவள் சிரிக்கவில்லை. "ஊரே அப்படித்தான் பேசிக்குதுங்க. எம் முன்னாடி கேட்டவரு அவரு ஒருத்தருதான், அந்த மட்டுக்கும் நல்லவரு" என்றாள்.

டாக்டர் சொன்ன பயிற்சிக்காக வீட்டில் சுவரில் ஒரு எழுத்தை ஒட்டிவைத்திருப்பாள். கண்ணை அந்த எழுத்தின் மேலேயே வைத்துக்கொண்டு தலையை மட்டும் இடம் வலம் ஆட்ட வேண்டும். தினமும் காலையில் இருபது நிமிடம். குமட்டும், வியர்க்கும், பக்கத்தில் வாளி இருக்கும். ஒருநாளும் விடவில்லை. அரையங்குலம் கோணலாக வந்த பாடியை "இருக்கட்டும் போ" என்று பட்டறையில் நான் விட்ட நாள் உண்டு. அவள் விட்ட நாள் கிடையாது.

அவளுக்கு எதிரி இரண்டு. ஒன்று மஞ்சு, இந்த மலைப் பனிமூட்டம். படி எது, பள்ளம் எது, மேல் எது, கீழ் எது என்று தெரியாமல் வெள்ளையாக மூடினால் கண் என்கிற ரசமட்டமும் போய்விடும். அப்போது படியில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக இறங்குவாள். இன்னொரு எதிரி, அவளைப் பிடிக்கிறவர்கள். விழப்போகிறாள் என்று பாசமாகப் பின்னாலிருந்து கையைப் பிடித்தால், இருக்கிற நிலையும் கலைந்துவிடும். "என்னயப் புடிக்காதீங்க, நான் உங்களப் புடிச்சுக்கறேன்" என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொன்னாள். நாம் கேட்டோமா? நமக்குப் பாசம் என்றால் பிடித்து இழுப்பதுதான்.

என்னிடம் அவள் கேட்டது ஒன்றுதான். "அந்தப் படிக்கு ஓரமா ரண்டு மூங்கிலக் கட்டிக் குடுங்க. பலமா இருக்கோணும்னு இல்லீங்க. ஒரு வெரல் பட்டுட்டே இருந்தாப் போதும், நான் எறங்கிருவேன்."

ஒரு விரல் பட்டால் போதும் என்றவளுக்கு நான் என்ன சொன்னேன்? படித்தவன் இல்லையா நான்? "மூங்கிலெல்லாம் ஒரு மழைக்குத் தாங்காது. செய்தால் முறையாகச் செய்ய வேண்டும்" என்றேன். ஒன்றரை அங்குலக் குழாய், நாலடிக்கு ஒரு தூண், மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் என்று வரைந்தேன். மனு எழுதினேன். ஐந்து மனு. மூன்று வருடம். தினமும் பட்டறையில் யார் யாருடைய லாரிக்கோ கைப்பிடி பற்றவைத்த கை இது.

கிராம சபையில் என் படத்தை ஊர்ப் பெரியவர் அப்பாசாமி அய்யா வாங்கிப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார். நான் அதை நேராகத் திருப்பி அவர் கையில் கொடுத்தேன்.

"படம் நல்லாத்தான் இருக்குது தம்பி. ஆனா அது சாமி எறங்கற வழி. நோம்பிக்குச் சப்பரத்தத் தோள்ல தூக்கீட்டு எட்டுப் பேரு வாராங்க. ஓரத்துல இரும்ப நட்டா எப்பிடித் திரும்பறது?"

தலைவர், "சாமி காரியம், பாத்துத்தான் செய்யணும்" என்றார். ஆயிற்று. வருடத்துக்கு ஒரு நாள் நோம்பித் திருவிழாவில் சாமி இறங்குவதற்காக, மற்ற நாளெல்லாம் அவள் ஆகாயத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது, "மூங்கிலுன்னா நோம்பிக்கு அவுத்துட்டு அடுத்த நாளு கட்டிக்கலாம்ல?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. என் படத்தைவிட அவள் மூங்கில் சரியாக இருந்தது. அந்தக் கோபத்தில் ஆறாவது மனுவுக்குப் படத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். அது இன்னும் மேசையில் கிடக்கிறது.

அன்று தடுப்பூசி நாள். மஞ்சு இறங்கியிருந்தது. கீழே தாய்மார்கள் பிள்ளைகளோடு காத்திருந்தார்கள். சுகுணா படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கிக்கொண்டிருந்தாள். எதிரே மேலேறி வந்த பாப்பாயி அக்கா, "அட, கொழந்தையாட்டம் உக்காந்து எறங்கறீங்க, சேலையெல்லாம் ஈரம், எந்திரிங்க நர்சம்மா" என்று கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். நிறுத்திவிட்டு, நின்றுவிட்டாள் என்று நம்பி மேலே போனார். பிடித்துக்கொள்ளச் சுற்றிலும் ஒன்றும் இல்லை. சத்தம் கேட்டு அக்கா திரும்பியபோது சுகுணா ஐந்து படி கீழே கிடந்தாள்.

அழாதீர்கள் அக்கா. நீங்கள் தள்ளவில்லை. அவளைப் பிடிக்கக் கூடாது என்று உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டியவன் நான். நான் வரைந்துகொண்டிருந்தேன்.

சற்று முன் தலைவர் ஒரு அறிவிப்புச் செய்தார். படியின் தலைப்பில் 'செவிலியர் சுகுணா நினைவு வளைவு' கட்டப்படும், தீர்மானம் தயார் என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். தலைவர் அவர்களே, வளைவுக்குத் தூண் நட்டால் சாமிக்கு இடிக்காதா? கைப்பிடிக்கு நட்டால் மட்டும்தான் இடிக்குமா? செத்தவள் பெயருக்கு வழி இருக்கிறது, உயிரோடு இருந்தவள் காலுக்கு வழி இல்லையா? வளைவு வேண்டாமுங்க. அதை அவள் பிடித்துக்கொண்டு இறங்க முடியாது.

இன்னொன்றும் சொல்கிறேன். வெளியே வேறு வாயால் வருவதற்கு முன் என் வாயால் வரட்டும். இந்த நோய் தாயிடமிருந்து பிள்ளைக்கு வரலாம், இரண்டுக்கு ஒன்று வாய்ப்பு என்றார்கள். பாவைக்கும் ரத்தம் எடுத்து அனுப்பியிருந்தோம். சுகுணா போன ஆறாம் நாள் முடிவு வந்தது. வந்திருக்கிறது. பாவைக்கும் இருக்கிறது.

இன்று நன்றாக ஓடுகிறாள். எப்போது தொடங்கும் என்று டாக்டருக்கே தெரியாது. பத்து வயதிலா, இருபதிலா, சொல்ல முடியாது. ஒருநாள் அவள் தள்ளாடினால் எலுமிச்சம்பழம் கொடுக்காதீர்கள். செய்வினை என்று மந்திரிக்கக் கூப்பிடாதீர்கள். வளர்ந்த பிறகு தள்ளாடினால் குடித்தாள் என்று சொல்லாதீர்கள். பின்னாலிருந்து பிடிக்காதீர்கள். முன்னால் போய் நின்று தோளைக் கொடுங்கள், அவள் பிடித்துக்கொள்வாள். இதைத்தான் சுகுணா உங்களிடம் மூன்று வருடம் சொன்னாள். அவள் வேலையைத் தொடர்வோம் என்று ஒவ்வொருவராகச் சபதம் எடுத்தீர்கள் அல்லவா? அவள் வேலை இதுதான். தொடருங்கள்.

என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். வெளியே வண்டியில் குழாய் வந்திருக்கிறது. கல்லில் துளை போட்டு, இரும்புக் குவளையைச் சிமென்ட் வைத்து இறக்கி, அதில் தூணைச் செருகப் போகிறேன். திருகாணியைக் கழற்றினால் தூண் கையோடு வரும். நோம்பி நாளில் நானே கழற்றுவேன், சாமி வீடு திரும்பியதும் நானே மாட்டுவேன். இதற்கு மனு கொடுக்க மாட்டேன். தடுக்கிறவர்கள் படிக்கு வந்து என் முகத்தைப் பார்த்துத் தடுக்கலாம். சிமென்ட் இறுக நாலு நாள் ஆகும். அந்த நாலு நாளுக்கு மூங்கில். அப்பாசாமி அய்யா, உங்கள் காட்டு மூங்கிலில் பத்து வேண்டும்.

என்னங்க தலைவரே? சத்தமாகச் சொல்லுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும்... நாளைக்கு அஷ்டமியா? நல்ல காரியம் தொடங்கக் கூடாதா?

இது நல்ல காரியம் இல்லீங்க. மூன்று வருடம் பிந்திய காரியம்.

கைப்பிடி இரண்டு வரிசை. மேலே ஒன்று மூன்றடியில், கீழே ஒன்று இரண்டேகால் அடியில். நேற்று பாவையை நிறுத்தி முழங்கை உயரம் அளந்தேன்.

"எதுக்குப்பா அளக்கற?"

"படிக்குக் கம்பி போடறதுக்கு சாமி. கீழ்க் கம்பி உனக்கு."

"மேல இருக்கறது அம்மாவுக்கா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பொய். நாளை பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் மூங்கில் கட்டி முடிக்க வேண்டும். ஏழு மணிக்கு வருகிறவர்கள் கடப்பாரையோடு வாருங்கள். மாலை வேண்டாம்.